கேமராவுல ஐஎஸ்ஓ எவ்ளோ வைக்கணும்? சென்னையில படம் எடுக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

புதுசா கேமரா வாங்கினவங்க நிறைய பேர் ஐஎஸ்ஓன்னாலே, அதாவது படம் எவ்ளோ வெளிச்சமா வரணும்னு கேமராவுல வைக்கிற அந்த எண்ண பாத்தாலே, பயப்படுறாங்க. ஏத்தினா படம் கெட்டுடும்னு யாரோ சொன்னத மனசுல வச்சுக்கிட்டு கல்யாண மண்டபத்துக்குள்ள கூட 400ஐ தாண்ட மாட்டேங்குறாங்க, கடைசியில பாத்தா தாலி கட்டுற படமே ஆடிப்போய் கெடக்கு. நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியா வந்த படத்த சரி பண்ணலாம், ஆடின படத்த யாராலயும் சரி பண்ண முடியாது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா போதும்னுதான் வழக்கமா வர கேள்வியெல்லாம் சேத்து இங்க பதில் எழுதுறேன்.

ஐஎஸ்ஓ ஏத்தினா சென்சார் நெஜமாவே அதிக வெளிச்சத்த புடிக்குமா?

புடிக்காது. சென்சாருக்கு எவ்ளோ வெளிச்சம் போகுதுங்கறத முடிவு பண்றது ரெண்டே ரெண்டுதான், லென்ஸோட அபெர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர ஓட்டை), அப்புறம் ஷட்டர் எவ்ளோ நேரம் தொறந்திருக்குங்கறது. ஐஎஸ்ஓ அதுக்கப்புறம் வர வேலை. சென்சார்ல இருந்து வர சிக்னல எவ்ளோ பெருசாக்கி படமா மாத்தணும்னு கேமராவுக்கு சொல்றீங்க, அவ்ளோதான். கோயில் திருவிழா மைக் செட்ல பாடுறவர் கொரல் சன்னமா இருந்தா ஆம்ப்ளிஃபையர்ல வால்யூம ஏத்துவாங்க இல்ல, கொரலும் பெருசாகும், கூடவே அந்த உஸ்ஸுன்னு வர சத்தமும் பெருசாகும், அதேதான் இங்கயும் நடக்குது.

கணக்கு ஈஸி. 100, 200, 400, 800, 1600, 3200, 6400, ஒவ்வொரு படியும் முந்தினதுக்கு டபுள், இந்த ஒரு படியத்தான் ஸ்டாப்னு சொல்வாங்க. ஒரு படி ஏத்தினா அதே வெளிச்சத்துல ஷட்டர ரெண்டு மடங்கு வேகமா வைக்கலாம், 1/60ல எடுத்தத 1/125ல எடுக்கலாம். இந்த கணக்கு கைக்கு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்.

கேனான் 1500டி வச்சிருக்கேன், இத எங்க மாத்துறது?

பின்னாடி இருக்குற நாலு அம்புக்குறி பட்டன்ல மேல் பட்டன் ஐஎஸ்ஓதான். அத அமுக்கி டயல சுத்துங்க. சோனி ஏ6400 மாதிரி மாடல்ல பின்னாடி சக்கரத்தோட வலது பக்கம், நிக்கான் இசட் சீரிஸ் நிறைய மாடல்ல மேல ஷட்டர் பட்டன் பக்கத்துலயே தனி பட்டன், ஃபூஜி எக்ஸ்-டி3ல மேல தனி டயலே இருக்கு. நிக்கான் டி3500ல ஐ பட்டன அமுக்கினா வர ஸ்க்ரீன்ல இருக்கும். எந்த கேமராவா இருந்தாலும் கண்ண வியூஃபைண்டர்ல இருந்து எடுக்காம விரலாலயே மாத்த பழகிக்கோங்க, வீட்ல டிவி பாக்கும்போது கையில வச்சு சும்மா சுத்திக்கிட்டே இருங்க, ஒரு வாரத்துல வந்துடும்.

மாத்தவே முடியல, ஆட்டோன்னே காட்டுது. இன்னொரு கேமராவுல 100 வரல, 200ல இருந்துதான் ஆரம்பிக்குது. ரிப்பேரா?

ரெண்டுமே ரிப்பேர் இல்ல, சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. முதல் கேஸ்ல மோட் டயல் பச்சை கலர் ஃபுல் ஆட்டோவுல இருக்கும், அதுல கேமரா உங்கள எதையும் தொட விடாது. பி, ஏவி, டிவி, எம் இதுல ஏதாவது ஒண்ணுக்கு மாத்துங்க. ஏவின்னா (சில கேமராவுல ஏ) அபெர்ச்சர நீங்க வைப்பீங்க, டிவின்னா ஷட்டர, எம்னா ரெண்டையும், பின்னா ரெண்டையும் கேமராவே பாத்துக்கும்.

ரெண்டாவது கேஸ் கேனான்ல வரும். ஹைலைட் டோன் ப்ரையாரிட்டின்னு, வெளுப்பான எடத்த காப்பாத்துற ஒரு செட்டிங் ஆன்ல இருந்தா 100 காணாம போயிடும், ஸ்க்ரீன்ல டி+ னு ஒரு குறி தெரியும். ஆஃப் பண்ணா திரும்பி வந்துடும். அதே மாதிரி வீடியோவுக்கு லாக் ப்ரொஃபைல் (அப்புறமா கலர் பண்ணிக்கறதுக்காக மங்கலா பதிவு பண்ற முறை) போட்டு வச்சிருந்தாலும் கீழ் அளவு மேல ஏறி நிக்கும். ஃபூஜியில டிஆர்400ங்கற டைனமிக் ரேஞ்ச் செட்டிங் போட்டாலும் இதேதான்.

ஐஎஸ்ஓ ஏத்தினாதானே நாய்ஸ் வருது? அப்ப கம்மியா வைக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

இங்கதான் எல்லாரும் வழுக்குறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

நாய்ஸுக்கு முதல் காரணம் வெளிச்சம் பத்தாம போறது. வெளிச்சம் துகள் துகளாத்தான் சென்சார்ல வந்து விழுது, மழைத்துளி மாதிரிதான், ஒரே சீரா விழாது, பக்கத்து பக்கத்து பிக்சல்ல கூட எண்ணிக்கை கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு பிக்சலுக்கு சராசரியா 100 துகள் வந்தா ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், அதாவது 10 சதவீதம், நல்லாவே கண்ணுக்கு தெரியும். அதுவே 10,000 துகள் வந்தா ஏற்ற இறக்கம் 100தான், அதாவது 1 சதவீதம், தெரியவே தெரியாது. நிழல் பக்கம் மட்டும் புள்ளி புள்ளியா இருக்கு, வெளிச்சமான முகம் சுத்தமா இருக்குன்னு ஒரே படத்துல பாத்திருப்பீங்களே, காரணம் இதுதான். ரெண்டுக்கும் ஐஎஸ்ஓ ஒண்ணுதான், வந்த வெளிச்சம் வேற.

அப்போ பழைய படத்துல எல்லாம் ஐஎஸ்ஓ அதிகமா இருந்தப்ப நாய்ஸும் அதிகமா இருந்துச்சேன்னு கேப்பீங்க. இருட்டுல நின்னுக்கிட்டுத்தானே ஐஎஸ்ஓவ ஏத்துறோம், வெளிச்சம் கம்மி, அதனால நாய்ஸ். அதே அபெர்ச்சர், அதே ஷட்டர்ல 400ல ஒரு படம், 3200ல ஒரு படம் எடுத்துட்டு, முதல் படத்த கம்ப்யூட்டர்ல மூணு ஸ்டாப் ஏத்தி பக்கத்துல வச்சு பாருங்க. நிறைய கேமராவுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், சிலதுல 400ல எடுத்ததுதான் மோசமா இருக்கும், நல்லா இருக்கவே இருக்காது. இந்த டெஸ்ட்ட வீட்ல ஒரு தடவ பண்ணிப் பாத்துடுங்க, அதுக்கப்புறம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆக வரிசை இப்படி வரணும்: படம் ஆடாம இருக்க எந்த ஷட்டர் வேணும், எவ்ளோ ஆழம் ஃபோக்கஸ்ல இருக்கணும், இது ரெண்டையும் முடிவு பண்ணிட்டு, பாக்கி எவ்ளோ குறையுதோ அத ஐஎஸ்ஓ வச்சு நிரப்புங்க. தலைகீழா ஐஎஸ்ஓவ முதல்ல முடிவு பண்ணிட்டு ஷட்டர பலி குடுக்காதீங்க.

நம்மூர் எடங்களுக்கு ஒரு தோராய அளவு சொல்லுங்களேன்?

சொல்றேன், ஆனா கேமராவுல வெளிச்சத்த அளந்து காட்டுற மீட்டர பாத்துதான் முடிவு பண்ணணும், இது ஆரம்பிக்கறதுக்கு மட்டும்.

மதியம் நல்ல வெயில்ல வெளிய எங்கயா இருந்தாலும் 100. பழைய ஃபிலிம் காலத்து கணக்கு ஒண்ணு இருக்கு, பளிச்சுனு வெயில் அடிச்சா எஃப் 16 (அபெர்ச்சர் அளவு, எண் சின்னதானா ஓட்டை பெருசு) வச்சு ஷட்டர ஐஎஸ்ஓ எண்ணுக்கே வைக்கறது, 100னா 1/100. எஃப் 8க்கு மாத்தினா 1/400. சென்னை வெயிலுக்கு இந்த கணக்கு கரெக்டா ஒக்காரும்.

மெரினா சூரிய உதயம்னா, சூரியன் வரதுக்கு முன்னாடி அந்த நீல வெளிச்சத்துல கையில புடிச்சு எடுக்க 800 கிட்ட வேணும், சூரியன் தலை தூக்கினதும் வெளிச்சம் கிடுகிடுன்னு ஏறும், 100க்கு எறக்கிக்கிட்டே வாங்க. எறக்க மறந்து நின்னா வானம் வெளுத்துடும், அந்த ஆரஞ்சு கலர் திரும்ப வராது.

ரங்கநாதன் தெருவுல ராத்திரி கடை லைட் எல்லாம் எரியறப்ப எஃப் 4, 1/125க்கு 800ல இருந்து 1600. மைலாப்பூர் மாட வீதியில கோயில் பக்கம் தெரு விளக்கு மட்டும் இருக்குற மூலையில 3200, 6400 வரைக்கும் போகலாம். வீட்டுக்குள்ள ட்யூப்லைட் வெளிச்சத்துல குழந்தைய எடுக்கறதா இருந்தா எஃப் 1.8 லென்ஸுக்கு 800, கேமராவோட சேத்து குடுத்த கிட் லென்ஸா இருந்தா 6400 கிட்ட வரும், குழந்தை ஒரு எடத்துல நிக்காது, 1/160க்கு கீழ போகாதீங்க.

ஆட்டோ ஐஎஸ்ஓ போடுறவங்க கத்துக்குட்டின்னு சொல்றாங்களே?

அப்படி சொல்றவங்கள கண்டுக்காதீங்க. வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுற எடத்துல அனுபவசாலிங்களும் ஆட்டோ ஐஎஸ்ஓதான் போடுறாங்க.

கபாலீஸ்வரர் கோயில் பங்குனி பெருவிழாவுல எட்டாம் நாள் அறுபத்து மூவர். மத்தியானம் நல்ல வெயில்ல ஊர்வலம் கெளம்பும், மாட வீதியில ஒரு பக்கம் வெயில், மறு பக்கம் கட்டட நிழல், பந்தலுக்கு கீழ இன்னும் இருட்டு, பல்லக்கு இது எல்லாத்தையும் தாண்டி வரும், அப்புறம் பொழுது சாஞ்சு விளக்கு ஏத்துவாங்க. இந்த கூட்டத்துல முழங்கையாலயே எடம் புடிச்சு நிக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓ டயல் சுத்திக்கிட்டு இருந்தா சாமி முகம் திரும்புற அந்த நிமிஷம் போயிடும். எம் மோட்ல எஃப் 5.6, 1/250 ரெண்டையும் பூட்டிட்டு ஐஎஸ்ஓவ ஆட்டோவுல விட்டுடுங்க. வெயில்ல 100க்கு எறங்கி நிக்கும், பந்தலுக்கு கீழ தானா 1600 போகும். ஒண்ணு மட்டும் கவனிங்க, நேர் வெயில்ல அது 100ஐ தொட்டும் வெளிச்சம் மிச்சம் இருந்தா படம் வெளுக்கும், அப்ப மட்டும் ஷட்டர ஏத்திக்கோங்க. காசிமேட்டுல விடியக்காலம் மீன் ஏலம் எடுக்கப் போறவங்களுக்கும் இதே செட்டிங்தான், ஷெட் லைட்டுக்கு கீழ ஒரு அளவு, படகு பக்கம் போனா வேற அளவு, கால் வைக்கிற எடம் வேற வழுக்கும், கண்ணு அங்க இருக்கணும்.

ஆனா ஆட்டோவ அப்படியே விடாதீங்க, ரெண்டு எல்லை போடணும். மேக்சிமம் எவ்ளோங்கறது ஒண்ணு, மெனுவுல இருக்கும், 1500டியில 6400 வரைக்கும் விடுங்க, சிலர் 1600ல பூட்டிட்டு அப்புறம் படம் ஆடுதுன்னு பொலம்புறாங்க. இன்னொண்ணு மினிமம் ஷட்டர், நிக்கான், சோனி ரெண்டுலயும் இருக்கு, ஏ மோட்ல எடுக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், மனுஷங்கள எடுக்கறப்ப 1/125 வச்சுடுங்க, அதுக்கு கீழ கேமரா போகாம ஐஎஸ்ஓவ ஏத்திக்கும்.

அக்கா கல்யாணத்துக்கு கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கு, மண்டபத்துல சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனா கணக்கு தெரிஞ்சு போங்க. சாதாரண மண்டபத்துல எஃப் 2.8, 1/125க்கு 1600 கிட்ட வரும். உங்க 18-55 லென்ஸ 55 வரைக்கும் ஜூம் பண்ணா எஃப் 5.6 ஆயிடும், ரெண்டு ஸ்டாப் போச்சு, அப்ப 6400. 1500டியோட நார்மல் எல்லையே அதுதான், அதுக்கு மேல எடம் இல்ல. அதனால ஜூம் பண்ணாம 18ல வச்சுக்கிட்டு மணவறை பக்கத்துல போய் நில்லுங்க, சொந்த அக்கா கல்யாணம், யாரு தடுக்கப் போறாங்க, லென்ஸ் எஃப் 3.5ல நிக்கும், ஐஎஸ்ஓவும் பாதிக்கும் கீழ எறங்கிடும்.

கொஞ்சம் காசு இருந்தா 50எம்எம் எஃப் 1.8 ஒண்ணு வாங்குங்க, பழசு கூட போதும். 5.6ல இருந்து 1.8க்கு வந்தா மூணு ஸ்டாப்புக்கும் மேல, 6400 இருந்த எடத்துல 640 போதும். புது கேமரா பாடி வாங்குறத விட இது பல மடங்கு பிரயோஜனம்.

ஃப்ளாஷ் போட்டா 100லயே எடுக்கலாமே?

எடுக்கலாம், ஆனா ஆள் வெளுப்பா, பின்னாடி மண்டபம் கருப்பா வரும். ரிசப்ஷன் ஸ்டேஜ் டெக்கரேஷனுக்கு அவ்ளோ செலவு பண்ணியிருக்காங்க, அது படத்துல தெரிய வேணாமா? ஃப்ளாஷ் வெளிச்சம் பக்கத்துல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் எட்டும், பின்னணிய கொண்டு வரது ஐஎஸ்ஓவும் ஷட்டரும்தான். 800ல இருந்து 1600 வச்சு, 1/100 கிட்ட ஷட்டர் வச்சு, ஃப்ளாஷ குறைச்சு அடிங்க. இன்னொரு லாபம், ஐஎஸ்ஓ 100ல இருந்து 400க்கு போனா அதே பவர்ல ஃப்ளாஷ் ரெண்டு மடங்கு தூரம் எட்டும், அதனால பேட்டரியும் சீக்கிரம் எறங்காது.

மார்கழி கச்சேரி, டான்ஸ் எல்லாம் எடுக்கணும், ஃப்ளாஷ் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

சொல்லலன்னாலும் போடாதீங்க, மேடையில இருக்குறவங்களுக்கு அது பெரிய தொந்தரவு. சபாவுல முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கோங்க.

பாட்டு கச்சேரின்னா எஃப் 2.8, 1/160, 3200ல ஆரம்பிங்க. பாடுறவங்க கை அசைவு ஆலாபனையில மெதுவாத்தான் இருக்கும், ஆனா தனி ஆவர்த்தனத்துல மிருதங்க விரல் 1/250லயும் கலங்கும். அந்த கலங்கல் எனக்கு பிடிக்கும், முகம் ஷார்ப்பா இருந்து விரல் மட்டும் கலங்கினா வேகம் தெரியுது, அதனால அங்க ஷட்டர ஏத்தி ஐஎஸ்ஓவ வீணா 12800க்கு கொண்டு போக வேண்டியதில்ல.

பரதம் வேற. குதிக்கிற எடத்துல 1/500 வேணும், ஐஎஸ்ஓ 6400 தாண்டிடும். ஆனா ஜதிய காதுல வாங்கிக்கிட்டே எடுங்க. ஜதிய முடிச்சு வைக்கிற தீர்மானம் முடியுற எடத்துல உடம்பு ஒரு கணம் அப்படியே நிக்கும், அந்த கணத்துக்கு 1/160 போதும், ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல மிச்சம், அதோட படத்துக்கு அதுதான் நல்ல போஸும். தாளம் தெரிஞ்சவங்க எடுக்குற டான்ஸ் படம் சுத்தமா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், கேமரா வெல மட்டும் இல்ல.

இருட்டா எடுத்துட்டு அப்புறம் லைட்ரூம் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஏத்திக்கலாம்னு யூட்யூப்ல சொல்றாங்க?

கேமராவ பொறுத்தது. கடந்த பத்து வருஷத்துல வந்த நிறைய சென்சார்ல, ரா ஃபைலா (சென்சார்ல வந்தத சுருக்காம அப்படியே வைக்கிற ஃபைல்) எடுத்தீங்கன்னா, ஒரு அளவு வரைக்கும் அது உண்மைதான், கேமராவுல ஏத்தினாலும் கம்ப்யூட்டர்ல ஏத்தினாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். விளக்கு, தீபம் மாதிரி பளிச்சுனு இருக்குறத காப்பாத்த ஒண்ணு ரெண்டு ஸ்டாப் கம்மியா எடுக்கறது நல்ல பழக்கம் கூட.

பழைய கேனான் பாடிங்க, 1500டி மாதிரி ஆரம்ப மாடலுங்க இதுக்கு லாயக்கில்ல, நாலு ஸ்டாப் ஏத்தினா நிழல்ல கோடு கோடா வரும். ஜேபெக்ல எடுக்கறவங்க இந்த பேச்சையே விட்டுடுங்க, அதுல ஒரு கலருக்கு 256 படிதான் இருக்கு, இருட்டுல இருக்குறத இழுத்தா எதுவும் வராது.

படத்துல பட்டை பட்டையா கருப்பு வருது, ஐஎஸ்ஓ குறைச்சும் போகல.

போகாது, அது ஐஎஸ்ஓ சம்பந்தப்பட்டதே இல்ல. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால சோக்கு போட்ட பழைய ட்யூப்லைட், மட்டமான எல்இடி எல்லாம் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். உங்க ஷட்டர் 1/500னு வேகமா இருந்தா அந்த மினுக்கலோட ஒரு துண்டு மட்டும் பதிவாகுது. 1/100 இல்லன்னா 1/50க்கு எறக்குங்க, அடங்கிடும். ஸ்டேஜ்ல இருக்குற எல்இடி ஸ்க்ரீன் இதுக்கும் அடங்காது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல ஓடும், ஷட்டர கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாக்கணும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல எடுத்தா நிறைய கேமராவுல இது இன்னும் மோசமா தெரியும், அத ஆஃப் பண்ணி பாருங்க. சில கேமராவுல ஆன்ட்டி ஃப்ளிக்கர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆன் பண்ணிடுங்க.

பள்ளிக்கரணை பறவைக்கு?

காலையில போறீங்கன்னா 800ல இருந்து 2000 வரைக்கும் தயங்காம வைங்க. 70-300 மாதிரி லென்ஸ் கடைசியில எஃப் 5.6, 6.3தான் தரும், பறக்குற பறவைக்கு 1/2000 வேணும், அப்புறம் எங்க இருந்து வெளிச்சம் வரும்? சும்மா நிக்கிற மஞ்சள் மூக்கு நாரைக்கு 1/250ம் 200ம் போதும். வானத்துல பறக்குறத எடுக்கும்போது பறவை கருப்பாயிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்த மீட்டர் சொல்றத விட வெளிச்சமாக்கற செட்டிங்) +1 குடுங்க, ஆட்டோ ஐஎஸ்ஓ அதுக்கேத்த மாதிரி ஏறிக்கும். 2022ல ராம்சார் பட்டியல்ல சேந்த சதுப்பு நிலம் அது, ரோட்டோரம் வண்டி நிறுத்தி எடுக்கும்போது பறவைய கெளப்பி விட கல்லு எறியறவங்கள பாத்தா தயவுசெஞ்சு தடுங்க.

ஃபுல் ஃப்ரேம் வாங்கினா நாய்ஸ் போயிடுமா?

குறையும், போகாது. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர், 1500டி மாதிரி கேமராவுல இருக்குற சின்ன கேனான் க்ராப் சென்சார் 22.3க்கு 14.9, பரப்பளவு ரெண்டரை மடங்கு வித்தியாசம். அதே ஐஎஸ்ஓவுல ஒரு ஸ்டாப்புக்கு கொஞ்சம் மேல லாபம் கிடைக்கும். ஆனா எஃப் 5.6 லென்ஸ்லருந்து 1.8க்கு போனா மூணு ஸ்டாப்னு மேலயே சொன்னேன், காச எங்க போடணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

மெனுவுல ஹெச், லோன்னு இருக்கே, அத போடலாமா?

ஹெச்ங்கறது சென்சார் சிக்னல கணக்கு போட்டு செயற்கையா இழுக்குறது, 1500டியில எக்ஸ்பான்ஷன் ஆன் பண்ணா 12800க்கு வரும். வேற வழியே இல்லன்னா போடுங்க. லோ போட்டா நாய்ஸ் குறையுமேன்னு சும்மா போடாதீங்க, மேகம், வெள்ளை வேட்டி மாதிரி வெளுப்பான எடம் சீக்கிரம் வெளுத்து விவரம் போயிடும். ஷட்டர மெதுவாக்க வேற வழி இல்லாதப்ப மட்டும்.

நாய்ஸ் ரிடக்ஷன் ஹைல வைக்கலாமா?

ஜேபெக்ல எடுத்தா லோ இல்லன்னா ஸ்டாண்டர்ட் வைங்க. ஹைல வச்சா காஞ்சிபுரம் பட்டுல ஜரிகை நூல் தனித்தனியா தெரியறது எல்லாம் கரைஞ்சு ஒரே மஞ்சள் பூச்சா ஆயிடும், முகம் மெழுகு பொம்மையா மாறும். ரா ஃபைலா இருந்தா அப்புறமா பண்ணிக்கலாம், 2023ல லைட்ரூம்ல வந்த ஏஐ டீநாய்ஸ் 6400 படத்தையும் நல்லாவே சுத்தம் பண்ணுது, காசு குடுக்க முடியாதவங்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் ஃப்ரீ. நிறத்துல வர பச்சை, சிவப்பு புள்ளிய மட்டும் எடுத்துட்டு மெல்லிசான கருப்பு வெள்ளை நாய்ஸ விட்டுடுங்க, படம் உயிரோட இருக்கும்.

ஜூம் பண்ணி பாத்தா புள்ளி புள்ளியா இருக்கு, மனசே ஆறல.

எதுக்கு அவ்ளோ ஜூம் பண்றீங்க? 24 மெகாபிக்சல் படம்னா 6000க்கு 4000. 4க்கு 6 ப்ரிண்டுக்கு 1800க்கு 1200 போதும், அதாவது பதினோரு பிக்சல் சேந்து ஒண்ணா ஆகுது, அதுல ஏற்ற இறக்கம் தன்னால சராசரியாகி மறைஞ்சுடும். 6400ல எடுத்தத ஒரு தடவ ப்ரிண்ட் போட்டு பாத்துட்டு பேசுங்க. பெரிய ஆல்பம் ஷீட்டுக்குன்னா கொஞ்சம் யோசிக்கலாம், அப்பவும் கூட ஆடாத படம்தான் ஜெயிக்கும்.

ட்ரைபாட் வச்சு நேப்பியர் பாலம் எடுக்கும்போது?

100, எஃப் 8, பத்து செகண்ட் கிட்ட, ரெண்டு செகண்ட் டைமர். இங்க மட்டும் ஏத்தவே வேணாம், ஷட்டருக்கு நேரம் இருக்கு. மே மாச புழுக்கத்துல ரொம்ப நேர எக்ஸ்போஷர் போட்டா சென்சார் சூடாகி சிவப்பு, நீல புள்ளி வரும், ஆறேழு டிகிரி ஏறினாலே அந்த கசிவு ரெண்டு மடங்கு ஆகும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆன் பண்ணா போகும், எடுத்த அளவுக்கே இன்னொரு பத்து செகண்ட் கேமரா பிஸியா இருக்கும், கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிடாதீங்க. ஏசி கார்ல இருந்து எறங்கின உடனே எடுத்தா லென்ஸ்ல ஆவி படியும், படம் மங்கலா வரும், பையிலயே கொஞ்ச நேரம் வச்சு எடுங்க.

வீடியோவுக்கு?

25 ஃப்ரேம், 1/50, ஐஎஸ்ஓவ மேனுவல்ல பூட்டுங்க. ஆட்டோவுல விட்டா வெள்ளை சட்டக்காரர் குறுக்க போனாலே படம் மொத்தமும் இருண்டு வெளுக்கும். 30 ஃப்ரேம், 1/60 வச்சீங்கன்னா ட்யூப்லைட்டுக்கு கீழ பட்டை ஓடும், இங்க 1/50 தான் சரி.

மொபைல்ல ப்ரோ மோட்ல ஐஎஸ்ஓ இருக்கே?

இருக்கு, பகல்ல விளையாடிப் பாக்கலாம். ராத்திரி கையில புடிச்சு எடுக்கணும்னா நைட் மோடே மேல், அது பல ஃப்ரேம் எடுத்து ஒண்ணா சேக்குது, ப்ரோ மோட்ல ஒரே ஃப்ரேம், சின்ன சென்சார், 800 தாண்டினாலே அழுக்கா தெரியும். போன எதுலயாவது சாச்சு வச்சுட்டு ஐஎஸ்ஓ 50, ரெண்டு செகண்ட்னு எடுத்தா மட்டும் ப்ரோ மோட் ஜெயிக்கும்.

நேத்து ராத்திரி எடுத்துட்டு இன்னிக்கு காலையில பீச்ல எல்லாம் 6400லயே எடுத்திருக்கேன், படம் போச்சா?

வெளுக்காம இருந்தா போகல. கேமரா ஷட்டர 1/4000க்கு ஏத்தி சமாளிச்சிருக்கும், டீநாய்ஸ் போட்டு சின்ன சைஸ்ல ப்ரிண்ட் எடுங்க, யாருக்கும் தெரியாது. 1/4000லயும் அடங்காம வெளுத்துப் போனதுங்கள மட்டும் அழிச்சுடுங்க. இனிமே ராத்திரி பைக்குள்ள வைக்கும்போதே ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கு மாத்தி, மோட் டயல ஏவியில விட்டு வைங்க, காலையில அவசரமா எடுத்தா கூட படம் வந்துடும்.